கணித இயற்பியலுக்கு எந்த வாசல்? சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒப்பீடு

அக்கா மகளுக்கு இந்த ஆண்டோடு கணிதப் பட்டப்படிப்பு முடிகிறது. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவில் மீன் வாங்கிய கையோடு உணவங்காடியில் உட்கார்ந்தோம். தோசை வரும்வரை காத்திருந்தபோது கைபேசியை என் பக்கம் திருப்பினாள். "சித்தி, கணித இயற்பியல்ல ஆராய்ச்சி பண்ணப் போறேன். எங்கன்னுதான் தெரியல. இதக் கொஞ்சம் பாருங்க."

ஓர் அட்டவணை. இங்கேயே முனைவர் பட்டம், சூரிக், மியூனிக், அமெரிக்கா, குவாண்டம் மையம், கடைசி வரிசையில் வங்கி வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே உதவித்தொகை, வாடகை, எத்தனை ஆண்டு, விமானக் கட்டணம். அக்கறையோடு செய்திருந்தாள். கடைசி வரிசை அவளுடைய அப்பா சொல்லிச் சேர்த்தது என்பதும் தெரிந்தது.

நான் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு நாடுகளில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) பார்த்து, ஊர் திரும்பி இப்போது கற்பித்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் இதே முடிவை நானும் எடுத்தேன், அட்டவணைகூட இல்லாமல். அன்று அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள். எல்லார் வீட்டிலும் கேட்பதற்கு ஆள் இருக்காது.

என் கருத்து இதுதான்: நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணித இயற்பியல் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான திண்ணை. கணிதத் துறை வழியாகவும் அங்கே வரலாம், இயற்பியல் துறை வழியாகவும் வரலாம். உட்கார்ந்து பேசும் விஷயம் ஒன்றுதான். ஆனால் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அன்றாட வேலை என்ன, உங்கள் கட்டுரையை யார் படிப்பார்கள், பத்து ஆண்டு கழித்து யார் வேலைக்கு எடுப்பார்கள் என்பதெல்லாம் அமையும். அவளுடைய அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

ரசீதின் பின்புறம்

கையில் இருந்த ரசீதைத் திருப்பி, தேன்கூடு மாதிரி அறுகோணங்களை வரைந்தேன். ஒரு முனையில் புள்ளி வைத்தேன். "இங்கேயிருந்து கிளம்பு. கோட்டு வழியா நட. ஒரு தடவ போன முனைக்குத் திரும்பப் போகக்கூடாது. எத்தன விதமா நடக்கலாம்?"

முதல் அடிக்கு 3 வழி. அதன்பின் ஒவ்வோர் அடிக்கும் இரண்டிரண்டு. ஆகவே 3, 6, 12, 24, 48. ஆறாவது அடியில் 96 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆறு அடியில் ஒரு அறுகோணத்தைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். புள்ளியைத் தொடும் அறுகோணங்கள் மூன்று, ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் சுற்றலாம். அந்த ஆறையும் கழித்தால் 90. அடி கூடக் கூடக் கணக்கு சிக்கலாகிக்கொண்டே போகும். நீண்ட நடைகளில், அடி ஒன்று கூடினால் எண்ணிக்கை சராசரியாக எத்தனை மடங்காகிறது என்பதுதான் கேள்வி. இது வெறும் விளையாட்டு இல்லை. திரவத்தில் மிதக்கும் நீண்ட பாலிமர் சங்கிலி, தன்மேல் தானே ஏற முடியாமல் வளைந்து கிடப்பதற்கான மாதிரி இது.

1982இல் பெர்னார்ட் நீன்ஹாய்ஸ் என்ற டச்சு இயற்பியலாளர் விடையைக் கண்டுபிடித்தார்: இரண்டோடு இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டி, அதற்கு மறுபடி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 1.848. அவர் சென்ற வழி இயற்பியலின் வழி. ஒரு மாதிரியை இன்னொன்றாக மாற்றி, நியாயமான ஊகங்களை வைத்து, எண்ணைப் பிடித்துவிட்டார். எண் சரி என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் நிரூபணம் இல்லை. ஹ்யூகோ டுமினில்-கோபானும் ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவும் 2010இல்தான் அதைத் தந்தார்கள். 28 ஆண்டுகள். அந்த நிரூபணம் சில பக்கங்கள்தான். நடைகளுக்கு ஒரு சிக்கலெண் எடையைக் கொடுத்து, எந்த முனையை எடுத்தாலும் அதைச் சுற்றியுள்ள மூன்று கோடுகளின் மதிப்புகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் கூட்டினால் பூஜ்ஜியம் வருமாறு செய்திருப்பார்கள். முதன்முதலில் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீன்ஹாய்ஸ் அதே ஆய்வில் இன்னொன்றும் சொன்னார்: அந்த அடிப்படை வளர்ச்சிக்கு மேலே, அடிகளின் எண்ணிக்கையின் 11/32ஆம் அடுக்கு என்ற கூடுதல் காரணி வரும் என்று. அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

"இப்பச் சொல்லு. 1.848ங்கற எண்ணக் கண்டுபிடிக்கற வேல, அது ஏன் அப்படித்தான் இருக்கணும்னு காட்டற வேல. எது இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் நல்லது. இதற்கு உடனே பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கும்.

இரண்டு வீடுகளும் ஒரு மாடியறையும்

1947 வாக்கில் கேம்பிரிட்ஜில் நடந்த உரையாடல் ஒன்று இந்தத் துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திரா, டிராக்கிடம் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்த சமயம். இயற்பியல் குழப்பமாக, கண்டிப்பில்லாமல், பிடிபடாமல் இருப்பதால் கணிதத்துக்குப் போகிறேன் என்று ஃப்ரீமன் டைசனிடம் சொன்னாராம். கணிதத்தில் இருந்த டைசன், அதே காரணங்களுக்காகத்தான் நான் இயற்பியலுக்குப் போகிறேன் என்றாராம். இருவரும் சொன்னபடியே செய்தார்கள். ஹரிஷ்-சந்திரா, சமச்சீர்களை விவரிக்கும் குலங்களின் (groups) உருவகிப்புக் கோட்பாட்டில் பெரிய மலையையே ஏறினார். டைசன் குவாண்டம் மின்னியக்கவியலுக்கு ஒழுங்கு கொடுத்தார். ஆனால் 20 ஆண்டு கழித்து, நாம் தொடும் பொருள்கள் ஏன் தமக்குள்ளேயே நொறுங்கி விழாமல் இருக்கின்றன என்பதற்கு லெனார்டோடு சேர்ந்து கறாரான கணித நிரூபணம் கொடுத்தவரும் அதே டைசன்தான்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாசல் வாழ்நாள் தண்டனை இல்லை. மாறலாம். ஆனால் மாறுவதற்கு விலை உண்டு. சாதாரணத் திறமையுள்ள நமக்கு அந்த விலை அவர்களுக்கு இருந்ததைவிட அதிகம்.

கணித வாசலின் நிறை முதலில். அங்கே நீங்கள் செய்வது தேற்றம். ஒன்றை நிரூபித்துவிட்டால் அது நிற்கும், பரிசோதனை முடிவு மாறினாலும் நிற்கும். நான் பார்த்தவரை, கணித இயற்பியல் செய்பவர்களைக் கணிதத் துறைகள் வேலைக்கு எடுக்கும். நிகழ்தகவு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், வடிவியல் என்று ஏதாவது ஒரு பெயரில் இடம் கிடைக்கும். தேற்றம் மட்டும் நிரூபிப்பவரை இயற்பியல் துறை எடுப்பது அபூர்வம். குறை, வேகம். ஒரு கட்டுரைக்கு இரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். இதழில் மதிப்பீட்டுக்கு இன்னொரு ஆண்டு. என் முதல் கட்டுரை 14 மாதம் கிடப்பில் இருந்தது. அதற்குள் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய பருவமே முடிந்துபோனது. அந்தக் குளிர்காலத்தை நான் மறக்கவில்லை.

இயற்பியல் வாசல் வேறு விதம். அங்கே ஊகம் குற்றம் இல்லை, அது கருவி. ஒரு நல்ல கணக்கீடு மூன்று மாதத்தில் கட்டுரையாகும். எட்வர்ட் விட்டன் இயற்பியலாளராகவே இருந்து 1990இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். அவர் தந்த பல கூற்றுகளுக்குக் கணிதர்கள் பின்னால் வந்து நிரூபணம் எழுதினார்கள். ஆனால் விட்டனை முன்மாதிரியாக வைத்து வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. அந்த வழியில் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள், இடங்கள் மிகக் குறைவு. இன்னொன்று: துகள்களுக்கு இடையிலான விசைகளை விளக்க இயற்பியலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் யாங்-மில்ஸ் கோட்பாடு நான்கு பரிமாணத்தில் கணிதமாக இருக்கிறதா என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கிளே நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசுக் கேள்விகளில் அதுவும் ஒன்று. இந்த நிலைமையோடு நிம்மதியாக வேலை செய்ய முடிகிறவர்தான் இயற்பியல் வீட்டில் சந்தோஷமாக இருப்பார். என்னால் முடியாது.

மாடியறை என்று சொன்னது குவாண்டம் தகவலியல், அதாவது குவாண்டம் விதிகளை வைத்துத் தகவலைக் கையாளும் துறை. சிங்கப்பூரில் இது உண்மையாகவே வலுவானது. குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. குவாண்டம் பின்னலை (தொலைவில் இருக்கும் துகள்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் நிலையை) வைத்து ரகசியச் சாவி பரிமாறும் முறையை 1991இல் முன்வைத்த ஆர்தர் எக்கர்ட்தான் அதன் முதல் இயக்குநர். கணிதர், இயற்பியலாளர், கணினியாளர் எல்லாரும் ஒரே நடைக்கூடத்தில் இருக்கும் இடம். "அது நிஜக் கணிதம் இல்லையே" என்று என் மாணவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அது தவறு. 1976இல் அலேன் கோன் எழுப்பிய கேள்வி ஒன்று செயலி இயற்கணிதம் (operator algebras) என்ற கணிதப் பிரிவில் நாற்பது ஆண்டுக்கு மேல் தீராமல் கிடந்தது. 2020இல் ஐந்து பேர் குவாண்டம் கணிப்பீட்டின் பக்கமிருந்து வந்து, விடை 'இல்லை' என்று காட்டினார்கள். பின்னிய துகள்களோடு விளையாடும் இருவரை ஒரு நடுவர் குறுக்கு விசாரணை செய்யும் மாதிரி ஒரு விளையாட்டு, கோனின் கேள்வியை முடித்துவைத்தது. இதைவிட அழகான கணித இயற்பியலை நான் அண்மையில் பார்த்ததில்லை.

இந்த வாசலில் கவனிக்க வேண்டியது பணம் வரும் திசை. குவாண்டத்துக்கு இப்போது உலகெங்கும் நிதி இருக்கிறது. அதனால் உதவித்தொகை கிடைப்பது எளிது, படித்தபின் நிறுவனங்களிலும் வேலை உண்டு. ஆனால் ஆய்வுத் திட்டம் என்று ஒன்று இருக்கும், அறிக்கை கேட்பார்கள். உங்களுக்குப் பிடித்த தேற்றம் அந்தத் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். சேரும் முன் நெறியாளரிடம் நேராகவே கேட்டுவிடலாம்: நான் நிரூபணம் மட்டும் எழுதும் மாணவியாக இருந்தால் உங்களுக்குச் சரியா?

இங்கேயா, வெளியேயா

சரி, வீடு முடிவானபின் நாடு. இதில் என் கருத்து அக்காவுக்குப் பிடித்தது, அவள் மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. இங்கே முனைவர் பட்டம் செய்வது இரண்டாம் தரமான தேர்வு இல்லை.

நம் ஊர்க்காரர்களையே பாருங்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் 1932ஆம் ஆண்டுப் பிள்ளைகள். இருவரும் சென்னை லயோலாவில் படித்து, பம்பாய் டாட்டா ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சி செய்து, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள். நடுவே 1957 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் இருந்தார்கள். திரும்பி வந்து 1965இல் அவர்கள் தந்த தேற்றம், ரீமான் பரப்புகள்மீதுள்ள நிலையான வெக்டர் கற்றைகளை அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தின் யூனிட்டரி உருவகிப்புகளோடு பொருத்தியது. அதை எழுதும்போது இயற்பியல் அவர்கள் மனத்தில் இருக்கவில்லை. 1983இல் அட்டியாவும் பாட்டும் அதே தேற்றத்தை யாங்-மில்ஸ் சமன்பாடுகள் வழியாகப் பார்த்தார்கள். டொனால்ட்சன் அதே ஆண்டு அந்தக் கண்ணோட்டத்தில் புதிய நிரூபணமே கொடுத்தார். பம்பாயில் எழுதிய தேற்றம் இன்று கணித இயற்பியல் செய்யும் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கிறது.

சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1963இல் பட்டம் முடித்து, அதன்பின் நியூயார்க் கூரண்ட் நிறுவனத்துக்குப் போஸ்ட்டாக்காகப் போனார். 2007இல் கணிதத்தின் பெரும் பரிசான ஏபெல் பரிசு. படிகத்துக்குள் நகரும் எலெக்ட்ரான் தன்னைச் சுற்றிய அணுக்களின் அடுக்கை இழுத்துக்கொண்டு போகும் 'போலரான்' பிரச்சினையில், மன்ரோ டான்ஸ்கரோடு அவர் 1983இல் தந்த நிரூபணம் இந்தத் துறையின் முக்கியமான மைல்கல்.

மூவருமே பட்டம் வாங்கியது வீட்டுப் பக்கத்தில்தான். ஆனால் மூவருமே சரியான நேரத்தில் வெளியே போனார்கள். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: வெளியே போவதா இல்லையா என்பதல்ல, பட்டத்துக்கு முன்பா பின்பா. போஸ்ட்டாக் காலத்தில் எப்படியும் போக வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க இந்தத் துறையில் வழியில்லை.

சிங்கப்பூரின் நிறை: உதவித்தொகை தட்டுப்பாடின்றி வாழப் போதும், அதுவும் பெற்றோர் வீட்டிலேயே இருந்தால். கணிதத் துறைகளில் நிகழ்தகவும் வடிவியலும் இடவியலும் நன்றாக இருக்கின்றன. அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு சொத்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க்கில் இருக்கிறது. கணித அறிவியல் கழகம், 2000இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் சில தலைப்புகளை எடுத்து, உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்களை வாரக்கணக்கில் வரவழைக்கிறார்கள். நாம் அவர்களைத் தேடிப் போகாமலே அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். தேநீர் இடைவேளையில் தயங்காமல் கேள்வி கேட்கும் மாணவிக்கு அது ஒரு பருவப் படிப்புக்குச் சமம்.

குறை: கணித இயற்பியல் என்று எடுத்துக்கொண்டால் ஆட்கள் குறைவு. உங்கள் கேள்விக்குப் பொருந்தும் நெறியாளர் இங்கே ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் பக்கத்து அறையைத் தட்ட முடியாது. சக மாணவர்களும் குறைவு. தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நாள்கள் அதிகம்.

ஐரோப்பா இதற்கு நேர் எதிர். சூரிக், ஜெனீவா, மியூனிக், கோபன்ஹேகன், பாரிஸ், வியன்னா என்று ஒவ்வோர் ஊரிலும் குழுக்கள் இருக்கின்றன. ரயில் ஏறி அடுத்த ஊர்க் கருத்தரங்குக்குப் போய் இரவே திரும்பலாம். சுவிட்சர்லாந்தில் 2014இல் இதற்கென்றே ஒரு தேசிய ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். மியூனிக்கில் கோட்பாட்டு, கணித இயற்பியலுக்கு என்றே முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் அங்கே முனைவர் படிப்பில் சேர வழக்கமாக முதுநிலைப் பட்டம் வேண்டும். அதன்பின் முனைவர் படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள், பெரும்பாலும் வேலை ஒப்பந்தமாகவே. அந்தக் காலத்துக்குள் அங்கும் இங்கும் அலைந்து கேள்வி தேட நேரம் இல்லை. கேள்வி கையில் இருக்கிறவர்களுக்கு ஐரோப்பா. எதில் வேலை செய்யப்போகிறோம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு அமெரிக்கா. அங்கே ஐந்து ஆறு ஆண்டுகள், முதல் இரண்டு ஆண்டு பாடங்கள், தகுதித் தேர்வு, கூடவே பயிற்சி வகுப்பு எடுக்கும் வேலை. மனம் மாற இடம் இருக்கும்.

நான் அமெரிக்கா போனவள். மூன்றாம் ஆண்டில் என் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனார். கூட வருகிறாயா என்று கேட்டார். நான் போகவில்லை. இரண்டு ஆண்டு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும்தான் ஆய்வு நடந்தது. அவர் நல்லவர், முடிந்ததைச் செய்தார். ஆனால் கரும்பலகை முன்னால் இருவர் நிற்கும்போது நடப்பது மின்னஞ்சலில் நடக்காது. பெரிய துறையாக இருந்ததால் இன்னொருவர் என்னைப் பாதியில் ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய துறையின் மதிப்பு எனக்குத் தெரியும். இதே சம்பவம் இங்கே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜின் ஒன்பது மாத முதுநிலைப் படிப்பைப் பலர் ஒரு பாலமாக எடுக்கிறார்கள். செலவு அதிகம், வேகமும் அதிகம். உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே நான் சிபாரிசு செய்வேன். சென்னைக் கணிதக் கழகம், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் இருக்கும் கோட்பாட்டு அறிவியல் மையம் ஆகியவற்றைப் பட்டத்துக்காக இல்லாவிட்டாலும் சில வாரப் பயிற்சிப் பள்ளிகளுக்காகவாவது எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும். நான்கு மணி நேர விமானம்தான்.

வயதும் வீடும்

பெண் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும்தான், அவர்களுக்குத் தேசிய சேவை இரண்டு ஆண்டு கூடுதல். 22 வயதில் பட்டம். முனைவர் படிப்பு முடிய 27. இரண்டு போஸ்ட்டாக், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டு, ஒவ்வொன்றும் வேறு நாட்டில். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 32, 33. உதவித்தொகைக்கு மத்திய சேமநிதி கிடையாது. கூடப் படித்தவர்கள் அந்த நேரத்துக்குள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கியிருப்பார்கள். தனியாக இருப்பவர் வீவக வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். துணை வேறு நாட்டில் வேலை பார்ப்பவர் என்றால் வேறு கணக்கு. என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது நான் பதினேழு மணி நேர விமானத் தொலைவில் இருந்தேன்.

இதையெல்லாம் சொன்னால் பயமுறுத்துவதாக அக்கா நினைக்கிறாள். பயமுறுத்தவில்லை. இங்கேயே முனைவர் பட்டம் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம் என்கிறேன். முதல் ஐந்து ஆண்டு குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, 27 வயதில் ஒரு கேள்வியோடும் இரண்டு கட்டுரையோடும் வெளியே போவது, 22 வயதில் வெறுங்கையோடு போவதைவிடச் சிலருக்குப் பொருந்தும்.

ஒப்பந்தத்தோடு வரும் உதவித்தொகைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு இங்கே வேலை செய்ய வேண்டும் என்றால், போஸ்ட்டாக்குக்கு வெளியே போக வேண்டிய அதே ஆண்டுகளில் அது கையைக் கட்டும். தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வங்கி வரிசையை நான் அழிக்கச் சொல்லவில்லை. மரீனா பேயிலும் ராஃபிள்ஸ் பிளேஸிலும் குவாண்ட் வேலை (கணித மாதிரிகளை வைத்து நிதிக் கணக்குப் போடும் வேலை) பார்ப்பவர்களில் கணித இயற்பியலில் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அணுக்கருக்களுக்காக இயற்பியலாளர் விக்னர் 1950களில் தொடங்கிய தற்செயல் அணிகளின் (random matrices) கணிதம்தான், பங்கு விலைகளின் ஒட்டுறவு அணியில் எது செய்தி எது இரைச்சல் என்று பிரிக்க இன்று உதவுகிறது. ஆனால் அது முனைவர் பட்டத்துக்குப் பின் திறந்திருக்கும் கதவு. முதலில் வங்கி, அப்புறம் ஆய்வு என்று திட்டமிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் கடன் இருந்து, சம்பளம் இப்போதே வேண்டும் என்றால் அது வேறு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவள் வீட்டில் அப்படி இல்லை. அதை அவள் அப்பாவிடமும் சொன்னேன்.

நெறியாளரைப் பார்ப்பது எப்படி

தரவரிசைப் பட்டியல் இங்கே உதவாது. பல்கலைக்கழகத்தின் பெயர் உங்களோடு கரும்பலகை முன் நிற்காது. நான் அவளுக்குக் கொடுத்த வேலை இது. ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் கணித இயற்பியல் பிரிவுக்கு ஒரு மாதம் நாள்தோறும் போக வேண்டும். தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்து, எந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்கக் கை தானாகப் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாத முடிவில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து பெயர்கள் இருக்கும். அவர்களுடைய பழைய மாணவர்கள் யார், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கணித வம்சாவளித் தளத்தில் தேடலாம். அப்புறம் அந்த மாணவர்களில் ஒருவருக்கு எழுதி, நெறியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பார், சிக்கிக்கொண்டு மூன்று மாதம் ஒன்றுமே நகராதபோது என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்த மூன்று மாதம் எல்லாருக்கும் வரும்.

மாதம் முடிந்தபோது அவள் குறித்து வைத்திருந்த பெயர்கள் ஐந்து. மூன்று பேர் ஐரோப்பாவில். ஒருவர் அமெரிக்காவில். ஒருவர் இங்கே, கெண்ட் ரிட்ஜில், அவள் இரண்டு ஆண்டாகத் தினமும் கடந்து போகும் கதவுக்குப் பின்னால். அவர் எடுத்த பாடத்தில் அவள் படித்திருக்கிறாள், ஆனால் அவருடைய கட்டுரையை இப்போதுதான் திறந்து பார்த்தாளாம்.

அவரிடம் நேரம் கேட்டு எழுதியிருக்கிறாள். மியூனிக் முதுநிலைப் படிப்புக்கும் விண்ணப்பம் தயார். இரண்டில் எது என்று நான் சொல்லவில்லை, அந்தச் சந்திப்பு முடியட்டும். எந்த வீடு என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

போன செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது, கூடவே பென்சிலால் எழுதிய தாளின் படம். "சித்தி, ஆறாவது அடில, முந்தின எண்ணோட ரெண்டு மடங்குல இருந்து 6 கழிச்சோம். ஏழுல 6, எட்டுல 12, ஒம்பதுல 24. இரட்டிப்பா போகுதுல்ல, அப்ப பத்துல 48 கழிச்சா போதும்னு நெனச்சேன். ஆனா தப்பு. பத்துல 78. ரெண்டு அறுகோணத்த ஒட்டவச்சா அதச் சுத்தி பத்து கோடு வருது! அந்த வழியாவும் கெளம்பின எடத்துக்கே வந்துடலாம். அது 30. ஏன் சரியா 30னு இன்னும் எழுதி முடிக்கல, காலைல அனுப்பறேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ஒரு திசையை விட்டுவிட்டு, அடித்துவிட்டுத் திருத்தியிருந்தாள்.